சட்டாம்பிள்ளை வேண்டாம், தோழமை வேண்டும்

தன்னம்பிக்கை இன்று விலை குறிக்கப்பட்ட சரக்காகிவிட்டது. ஏப்ரல் மாதம் பள்ளிகள் மூடப்பட்டதும் திருவனந்தபுரம் போன்ற நகரங்களில் கோடை முகாம்களின் விளம்பரங்கள் முளைக்கின்றன. மேடைப் பேச்சு, ஆளுமை வளர்ச்சி, தலைமைப் பண்பு, ஆங்கில உரையாடல் எனக் குழந்தையின் ஒவ்வொரு கூச்சத்துக்கும் ஒரு கட்டணம் வைக்கப்பட்டிருக்கிறது. கட்டணம் செலுத்த இயலாத குழந்தைகளுக்கு வேறோர் ஏற்பாடு உண்டு. பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கொண்டும், தன்னார்வ நிறுவனங்களின் வாயிலாகவும் கல்லூரி மாணவர்கள் அரசுப் பள்ளிக் குழந்தைகளிடம் 'வழிகாட்டி'களாக அனுப்பப்படுகின்றனர். சில வாரங்கள் விளையாட்டும் பேச்சுப் பயிற்சியும் நடைபெறுகின்றன. முடிவில் ஒரு புகைப்படம், ஒரு சான்றிதழ். மாணவரின் வேலை விண்ணப்பத்தில் ஒரு வரி கூடுகிறது. குழந்தை பழைய வகுப்பறைக்கே திரும்புகிறது.

மூத்த மாணவர்கள் இளைய குழந்தைகளுக்குத் துணை நிற்பது தீதென்று எவரும் சொல்ல முடியாது. ஆசிரியரிடம் கேட்க அஞ்சும் ஐயத்தைக் குழந்தை ஓர் அண்ணனிடமோ அக்காளிடமோ தயங்காமல் கேட்கும். இது நம் வீடுகளிலும் தெருக்களிலும் நாள்தோறும் நாம் காணும் உண்மை. ஆகவே அது நல்லதா கெட்டதா என்று விவாதித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அது யாருடைய பொறுப்பில் நடைபெறுகிறது, எதற்குத் துணையாக அல்லது எதற்குப் பதிலாக நடைபெறுகிறது என்பதே வர்க்கக் கண்ணோட்டம் உள்ளவர்கள் எழுப்ப வேண்டிய கேள்வி. இந்தக் கேள்விக்கு வரலாறு தெளிவான விடையை வைத்திருக்கிறது. அந்த வரலாற்றின் ஒரு முனை திருவனந்தபுரத்திலும் மறுமுனை சென்னை எழும்பூரிலும் இருக்கிறது.

ஒரு சொல்லின் கதை

திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் 1853இல் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்த சிறுவன், பேட்டையில் ராமன்பிள்ளை ஆசான் நடத்திய பள்ளியில் படித்தான். வயதிலும் அறிவிலும் மூத்த அவனை ஆசான் மற்ற மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் சட்டாம்பிள்ளையாக நியமித்தார். மலையாளத்தில் அதற்குச் 'சட்டம்பி' என்று பெயர். பின்னாளில் கல்லிடைக்குறிச்சிக்கு வந்து தங்கித் தமிழும் வடமொழியும் கற்று, வேதம் ஓதும் உரிமை பிராமணர்களுக்கு மட்டுமே உரியது என்ற கோட்பாட்டை நூல் எழுதித் தகர்த்த சட்டம்பி சுவாமிகளின் பெயரில் இறுதிவரை நிலைத்தது அந்தப் பள்ளிக்கூடப் பட்டமே.

அதே சொல்லுக்கு இன்றைய மலையாளத்தில் என்ன பொருள்? அடாவடிக்காரன், ரௌடி. தமிழிலும் நிலைமை வேறல்ல. உலக நாடுகளின் மீது அமெரிக்க ஏகாதிபத்தியம் செலுத்தும் ஆதிக்கத்தை 'சட்டாம்பிள்ளைத்தனம்' என்றுதான் நமது ஏடுகள் குறிப்பிட்டு வந்துள்ளன. இளையோருக்குத் துணை நிற்பவனைக் குறித்த சொல் இரு மொழிகளிலும் அடக்கியாள்பவனைக் குறிக்கும் சொல்லாக மாறியது தற்செயல் அன்று. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை கையில் பிரம்பு இருந்தது. அவன் ஆசிரியரின் அதிகாரத்தின் ஒரு துண்டைப் பெற்றவன். கீழே உள்ளவர்களுக்கு அவன் பதில் சொல்ல வேண்டியதில்லை, மேலே உள்ள ஒருவருக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். அத்தகைய அமைப்பில் நல்ல மனம் படைத்த சிறுவனும் நாளடைவில் அதிகாரியாகிவிடுவான்.

இந்தச் சட்டாம்பிள்ளை முறையை ஏகாதிபத்தியம் எவ்வாறு பயன்படுத்தியது என்பது அடுத்த அத்தியாயம். 1789இல் எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரர்களுடைய ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கான விடுதிப் பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் பொறுப்பேற்றார். அங்கிருந்த ஆசிரியர்கள் அவர் விரும்பிய மாற்றங்களுக்கு ஒத்துழைக்கவில்லை. இந்நிலையில் 'மலபார்' பள்ளி ஒன்றில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். அக்கால ஆங்கிலேயர் தமிழரையும் மலபார் என்றே அழைத்தனர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அமர்த்தி, சிறு குழந்தைகளுக்கு மணலில் எழுத்துகளைக் கற்பிக்கச் செய்தார் பெல். முறை பலித்தது. இங்கிலாந்து திரும்பிய அவர் 1797இல் அதை நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்று அது புகழ்பெற்றது.

இங்கிலாந்தில் அதற்கு ஏன் அத்தனை வரவேற்பு? தொழிற்புரட்சிக் காலத்தில் ஆலைகளைச் சுற்றிப் பெருகிய ஏழைக் குழந்தைகளை மிகக் குறைந்த செலவில் கட்டுக்குள் வைத்திருக்க ஆளும் வர்க்கத்துக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. ஏறத்தாழ இதே முறையைக் கையாண்ட ஜோசப் லங்காஸ்டர், ஒரே ஆசிரியரும் அவருக்குக் கீழே சட்டாம்பிள்ளைகளும் இருந்தால் ஓராயிரம் குழந்தைகளுக்கும் கற்பிக்கலாம் என்று லண்டனில் பரப்புரை செய்தார். ஏழைகளின் குழந்தைகளுக்கு வேறுபாடின்றிக் கல்வி அளித்தால் உழைப்பதற்கென்றே பிறந்த அவர்களின் மனம் தம் நிலைக்கு மேலே உயர்ந்துவிடும் என்ற அச்சத்தைப் பெல் ஒளிவுமறைவின்றி எழுதினார். அங்கே குழந்தை குழந்தைக்குக் கற்பித்ததன் நோக்கம் குழந்தையின் விடுதலை அன்று. ஆசிரியருக்கான ஊதியத்தை மிச்சப்படுத்துவதே அதன் நோக்கம்.

திரும்பி வந்திருக்கும் மெட்ராஸ் முறை

இது பழங்கதை என்று கடந்துவிட முடியாது. 2019 மே 31 அன்று கஸ்தூரிரங்கன் குழு ஒன்றிய அரசிடம் அளித்த தேசியக் கல்விக் கொள்கை வரைவில் 'தேசிய பயிற்றுநர் திட்டம்' என ஒன்று முன்மொழியப்பட்டது. ஒவ்வொரு பள்ளியிலும் மிகச் சிறந்த மதிப்பெண் பெறும் மாணவர்கள் தேர்ந்தெடுக்கப்படுவர். அவர்கள் வாரத்துக்கு 5 மணி நேரம் வரை பிற மாணவர்களுக்கு, பெரும்பாலும் தம்மினும் இளையோருக்குக் கற்பிப்பர். அது கௌரவமான பதவியாகக் கருதப்படும். எத்தனை மணி நேரம் சேவை செய்தனர் என்று குறிப்பிட்டு ஆண்டுதோறும் சான்றிதழ் தரப்படும். பின்தங்கிய குழந்தைகளுக்கான குறைதீர் வகுப்புகளுக்கு உள்ளூரிலிருந்து உதவியாளர்களை அமர்த்தும் மற்றொரு திட்டமும் அதனுடன் சேர்ந்து வந்தது. 2020 ஜூலை 29 அன்று ஒன்றிய அமைச்சரவை ஏற்றுக்கொண்ட இறுதிக் கொள்கையில் இப்பெயர்கள் மறைந்தன. ஆனால் மாணவரே மாணவருக்குக் கற்பிப்பதும், எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் ஒருவருக்குக் கற்பிப்பதும் 'தன்னார்வமும் மகிழ்ச்சியும் நிறைந்த' செயல்பாடுகள் என்ற போர்வையில் அப்படியே நீடித்தன.

நாட்டில் இன்றும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் ஓராசிரியர் பள்ளிகளாக இருக்கின்றன. தொடக்க வகுப்புகளில் 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் நெறி. அந்தச் சட்டக் கடமையை நிறைவேற்றுவது எப்போது என்று கேட்டால், மாணவர்களின் சேவை மனப்பான்மையைப் பற்றி நமக்கு உபதேசம் செய்யப்படுகிறது. பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதைக் காரணம் காட்டி, கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதி நிறுத்திவைக்கப்பட்டது. 2024-25ஆம் ஆண்டுக்கு மட்டும் தமிழ்நாட்டுக்கு மறுக்கப்பட்ட தொகை 2,152 கோடி ரூபாய். ஒரு கை ஆசிரியரின் ஊதியத்தை நிறுத்துகிறது, மறு கை மாணவர் வழிகாட்டிக்குச் சான்றிதழ் நீட்டுகிறது. இரண்டும் ஒரே உடலின் கைகள்.

'ஆசிரியர் நியமிக்கப்படும் வரை குழந்தை காத்திருக்க வேண்டுமா? இன்று உதவி தேவைப்படும் குழந்தைக்கு உங்கள் அரசியல் என்ன தரும்?' என்று நேர்மையாகக் கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பின்னர், 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் பல்லாயிரம் பெண்களும் இளைஞர்களும் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலை நேரங்களில் குழந்தைகளோடு அமர்ந்தனர். அவர்களின் உழைப்பைக் கொச்சைப்படுத்த எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் நெருக்கடிக் காலத்தில் கொடுத்த கை, நெருக்கடி தீர்ந்த பின்னும் நிரந்தர ஏற்பாடாக்கப்படும்போது அது சுரண்டலாகிறது. கேரளம் இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டைத் தந்திருக்கிறது. 1990 பிப்ரவரி 4 அன்று எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாகவும், 1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாகவும் அறிவிக்கப்பட்டபோது, அதற்குப் பின்னால் ஊதியம் பெறாத தொண்டர்கள் பெருந்திரளாக நின்றனர், மாணவர்கள் உட்பட. ஆனால் அவர்கள் எந்த ஆசிரியரின் இடத்தையும் நிரப்பவில்லை. பொதுப் பள்ளிகளும் ஆசிரியர்களும் நூலகங்களும் வலுவாக நின்ற மண்ணில், பள்ளி எட்டாத முதியோரிடம் அவர்கள் சென்றனர். தொண்டு பொதுக் கல்விக்கு மேல் கட்டப்பட்ட மாடியாக இருந்தது, அதன் அடித்தளத்தைத் தோண்டும் கடப்பாரையாக இருக்கவில்லை.

கூச்சத்துக்கும் வர்க்கம் உண்டு

ஆளுமை வளர்ச்சி வணிகர்கள் மறைக்கும் உண்மை ஒன்று உண்டு. குழந்தை வாய் திறக்க அஞ்சுவது அதன் பிறவிக் குணம் என்பதுபோல் அவர்கள் பேசுகின்றனர். தனி மனிதக் குறை என்றால் தனி மனிதச் சிகிச்சை போதும். சிகிச்சைக்குக் கட்டணமும் வாங்கலாம்.

திருவனந்தபுரம் மாவட்டம் ஊரூட்டம்பலத்தில் உள்ள அரசுப் பள்ளி இந்தப் பொய்யை உடைத்தெறிகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புலையர் குலச் சிறுமி பஞ்சமியின் கையைப் பிடித்து அய்யங்காளி அப்பள்ளிக்குள் அழைத்துச் சென்றார். அரசாணை இருந்தும் சாதி ஆதிக்கவாதிகள் அதைப் பொறுக்கவில்லை. பள்ளிக்கே தீ வைத்தனர். தீயில் கருகித் தப்பிய பலகை ஒன்று இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. 2022இல் அப்பள்ளிக்கு அய்யங்காளி, பஞ்சமி ஆகிய இருவரின் பெயரும் சூட்டப்பட்டது. அந்தச் சிறுமிக்குத் தன்னம்பிக்கைக் குறைபாடு இருந்தது என்று எந்த நிபுணராவது சொல்லத் துணிவாரா? அவளுக்கு மறுக்கப்பட்டது உட்காரும் இடம். அதை அவளுக்குப் பெற்றுத் தந்தது பேச்சுப் பயிற்சி அன்று. வயல்களில் வேலையை நிறுத்திய நிலமற்ற உழைப்பாளர்களின் ஒன்றுபட்ட போராட்டமே அந்தக் கதவைத் திறந்தது.

இன்று கதவுகள் திறந்திருக்கின்றன. ஆயினும் குடிசைப் பகுதியிலிருந்து வரும் குழந்தை, மீனவர் குப்பத்துக் குழந்தை, வடமாநிலத் தொழிலாளியின் குழந்தை, சாலைக் கடைவீதியில் தமிழ் பேசி வளரும் குழந்தை ஆகியோர் வகுப்பறையில் தம் மொழியையும் முகவரியையும் மறைத்துக்கொள்ள நேரிடுகிறது. நகரின் நடுவே தலைமைச் செயலகத்துக்கு அருகில் இருக்கும் செங்கல்சூளைக் குடியிருப்பின் பெயரைச் சொன்னாலே முகம் சுளிப்போர் உண்டு. 2021இல் அங்குள்ள சிறுவர்களும் இளைஞர்களும் ஒரு கைப்பேசியை வைத்துக்கொண்டு 'அயன்' தமிழ்ப் படக் காட்சிகளை அப்படியே மீண்டும் நடித்துப் படமாக்கினர். நாடே வியந்து பார்த்தது. நடிகர் சூர்யாவும் பாராட்டினார். எந்த முகாமும் அவர்களுக்குத் தலைமைப் பண்பைக் கற்பிக்கவில்லை. பெரியவன் படம் பிடித்தான், சிறியவன் ஆடினான், எல்லோரும் சேர்ந்து தவறுகளைத் திருத்திக்கொண்டனர். சேர்ந்து ஒன்றைச் செய்து முடித்தவர்களின் நிமிர்வு அது. குழந்தையிடம் திறன் இல்லை என்ற எண்ணத்தில் தொடங்கும் எந்த வழிகாட்டுதலும் இந்த நிமிர்வை முதல் நாளிலேயே பறித்துவிடும்.

இடதுசாரி மரபு தந்த வழி

நமக்கென ஒரு மரபு உண்டு. 1938 டிசம்பர் 28 அன்று கண்ணூரை அடுத்த கல்லியாசேரியில் குழந்தைகள் கூடித் தேசிய பாலசங்கத்தை அமைத்தனர். அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர் பின்னாளில் கேரளத்தின் முதலமைச்சரான ஈ.கே. நாயனார். அந்த மரபில் வந்த பாலசங்கம் இன்றும் கோடை விடுமுறைகளில் 'வேனல் தும்பி' கலைக் குழுக்களாக ஊர் ஊராகச் செல்கிறது. 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் பாலவேதிகளில் குழந்தைகள் அறிவியலைக் கேள்விகளாகக் கற்றனர். 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ, பெண்களின் அண்டைக் குழுக்களுக்கு இணையாகக் குழந்தைகளுக்குப் பாலசபைகளை உருவாக்கியது. இவற்றில் ஐந்தாம் வகுப்புக் குழந்தையும் பத்தாம் வகுப்பு மாணவியும் ஒரே வட்டத்தில் அமர்கின்றனர். கணக்கு வாசிப்பது, கூட்டம் நடத்துவது, எதிர்த்துப் பேசுவது, வாக்களிப்பது ஆகியவற்றைச் செய்தே கற்கின்றனர்.

இதன் கோட்பாட்டு அடிப்படையும் நம்முடையதே. பெரியவர் அல்லது தேர்ந்த தோழனின் துணையோடு இன்று குழந்தை செய்வதை நாளை அது தனியே செய்யும் என்று நிறுவியவர் சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி. மனிதரின் மனம் முதலில் மனிதர்களுக்கு இடையில் உருவாகிப் பின்னரே ஒருவருக்குள் குடிகொள்கிறது என்பது அவர் கண்ட உண்மை. உள்நாட்டுப் போரில் வீடிழந்து தெருவில் திரிந்த சிறுவர்களுக்காக 1920இல் பொல்டாவா அருகே குடியிருப்பு ஒன்றைத் தொடங்கிய மகாரென்கோ, அங்கே வெவ்வேறு வயதினரைக் கலந்து படைப்பிரிவுகளாக அமைத்தார். ஒரு குறிப்பிட்ட வேலைக்காகத் தற்காலிகப் பிரிவு அமைக்கப்படும்போது, நிரந்தரத் தளபதியாக இருந்தவர் அதில் சாதாரண உறுப்பினராக, வேறொரு சிறுவனின் தலைமையில் வேலை செய்வார். கட்டளையிடவும் கட்டுப்படவும் ஒருவரே கற்றனர். சட்டாம்பிள்ளை முறைக்கும் தோழமை முறைக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு விதியில் அடங்கியிருக்கிறது. முன்னதில் பதவி நிலையாக ஒருவனிடம் தங்குகிறது. பின்னதில் அது கைமாறிக்கொண்டே இருக்கிறது.

நம் வீட்டையும் பெருக்க வேண்டும்

இதைப் பேசும்போது நம் பக்கத்தைப் பாராமல் இருக்க முடியாது. மூத்தவர் - இளையவர் உறவு கண்காணிப்பின்றி விடப்படும்போது என்னவாகும் என்பதை 2024 பிப்ரவரியில் வயநாட்டின் பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் நிகழ்ந்த மாணவரின் மரணம் காட்டியது. சக மாணவர்களின் கொடுந்தாக்குதலுக்குப் பின் நிகழ்ந்த அம்மரணத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் இடதுசாரி மாணவர் அமைப்பைச் சேர்ந்தோரும் இருந்தனர். ராகிங்குக்கு எதிராகத் தமிழ்நாடு 1997இலும் கேரளம் 1998இலும் சட்டம் இயற்றின. சட்டம் தண்டிக்கும், ஆனால் மூத்தவர் என்ற தகுதியே அதிகாரம் என எண்ணும் பண்பாட்டை அது தானாக அழித்துவிடாது. செங்கொடியின் நிழலில் நின்றுகொண்டு பிரம்பைக் கையிலெடுப்பவனும் சட்டாம்பிள்ளையே. அதைச் சொல்லத் தயங்கும் அமைப்புக்குக் குழந்தைகளிடம் செல்லும் தகுதி இல்லை. இளையோரோடு சமமாக அமரப் பழகிய பதினைந்து வயதுச் சிறுவன் இருபது வயதில் விடுதியறையில் ஒருவனை மண்டியிடச் செய்ய எளிதில் துணியமாட்டான். ஆகவே குழந்தைகளுக்கான இப்பணி மூத்த மாணவர்களுக்கான அரசியல் கல்வியும் ஆகும்.

உடனடிக் கடமைகள்

தமிழ்நாட்டிலும் திருவனந்தபுரம் உள்ளிட்ட தமிழர் வாழும் பகுதிகளிலும் கட்சிக் கிளைகளும் மாணவர், இளைஞர், மாதர் அமைப்புகளும் சில நெறிகளை மனத்தில் கொண்டு இப்பணியில் இறங்க வேண்டும்.

முதலாவதாக, குழந்தைகளுக்கான மாலை வட்டம் எதுவும் ஆசிரியர் நியமனக் கோரிக்கையிலிருந்து பிரிக்கப்படலாகாது. எந்தப் பள்ளியின் குழந்தைகளோடு நாம் அமர்கிறோமோ, அந்தப் பள்ளியின் காலிப் பணியிடங்களைக் கணக்கெடுத்துப் பெற்றோரைத் திரட்டி மனு அளிப்பதும் போராடுவதும் அதே கிளையின் பொறுப்பு. குழந்தைக்கு இன்று துணை, நாளைக்கு ஆசிரியர் என இரண்டையும் ஒரே மூச்சில் கேட்போம்.

இரண்டாவதாக, மதிப்பெண்ணை வைத்து வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறையை நிராகரிக்க வேண்டும். கணக்கில் பின்தங்கிய மாணவி நீச்சல் கற்பிக்கலாம், பாட்டுக் கட்டலாம், ஊரின் ஏரியைப் பற்றி எல்லோரையும்விட நன்றாக விளக்கலாம். ஒவ்வொரு குழந்தையும் வாரத்தில் ஒருமுறையாவது கற்பிப்பவராக அமர வேண்டும். கூட்டத்தின் தலைமை சுழற்சி முறையில் மாற வேண்டும்.

மூன்றாவதாக, சாதி, மதம், மொழி, பால் ஆகியவற்றின் பேரில் பிரிந்து கிடக்கும் தெருக்களின் குழந்தைகள் ஒரே வட்டத்தில் இருப்பதை அமைப்பாளர்கள் திட்டமிட்டு உறுதி செய்ய வேண்டும். ஊரின் ஒரு பகுதிக் குழந்தைகள் மட்டும் கூடும் வட்டம் எவ்வளவு சிறப்பாக நடந்தாலும் அது பழைய வேலியைப் புதுப்பிப்பதாகவே முடியும்.

நான்காவதாக, குழந்தைகளின் பாதுகாப்பில் சமரசம் கூடாது. பூட்டிய அறையில் ஒரு மூத்தவரும் ஒரு குழந்தையும் தனித்திருக்கும் ஏற்பாடு எங்கும் இருத்தலாகாது. வட்டம் திறந்த இடத்தில், பெற்றோரும் மாதர் அமைப்புத் தோழர்களும் வந்து போகக்கூடிய இடத்தில் நடைபெற வேண்டும். குழந்தை புகார் சொல்ல ஒருவரையும், அப்புகாரைக் கேட்கக் கடமைப்பட்ட ஒரு குழுவையும் முதல் நாளே அறிவிக்க வேண்டும்.

பெருநிறுவனம் நடத்தும் வழிகாட்டுதல் கூட்டத்திலிருந்து தப்பித்து மேலே ஏறும் ஒரு குழந்தையைக் காட்டிக் கைதட்டு வாங்குகிறது. அந்தக் குழந்தையின் வெற்றியை நாமும் வாழ்த்துவோம். ஆனால் பின்வரிசையில் மௌனமாக அமர்ந்திருக்கும் மற்ற நாற்பது குழந்தைகளைப் பற்றிய கணக்கு அவர்களிடம் இல்லை. அந்த நாற்பது பேரும் ஒருவரையொருவர் கைகொடுத்து எழுப்பி, தமக்கு வர வேண்டிய ஆசிரியர் எங்கே என்று ஒரே குரலில் கேட்கும் நாளை நெருங்கி வரச் செய்வதே நம் வேலை. வரும் கோடை விடுமுறைக்குள் ஒவ்வொரு கிளையும் ஒரு குழந்தைகள் வட்டத்தையாவது தொடங்கட்டும்.